புது ஆசிரியருக்குத் தோள் கொடுத்தவர்களிடம் எதைக் காட்டுவது?

கேள்வி இது: "கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி வகுப்புகளுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு உதவலாம் என்று ஓய்வுபெற்ற டீச்சர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வீட்டிலிருக்கும் தாய்மார்கள் என இருபது பேர் சேர்ந்தோம். ஜூனில் இருந்த சுறுசுறுப்பு ஓணத்துக்குப் பிறகு இல்லை. 'நாங்க வந்து போறதுல என்னதான் ஆகுது?' என்று கேட்கிறார்கள். எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது?"

அவர்கள் கேட்பது நியாயம். பொன்னாடையும் சான்றிதழும் அதற்குப் பதில் ஆகாது. "மொத்தம் இத்தனை மணி நேரம் உழைத்தோம், இத்தனை பள்ளிகளுக்குப் போனோம்" என்ற கணக்கும் ஆகாது. அது அவர்கள் கொடுத்ததை அவர்களிடமே எண்ணிக் காட்டுவது. கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் அவர்கள் கேள்வி.

தன்னார்வலர் செய்த வேலை முதலில் ஆசிரியரிடம் போகிறது. ஆசிரியர் கைவழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது. நடுவில் நிற்கும் ஆசிரியரைத் தாண்டிக் குதித்து, பிள்ளைகளின் மதிப்பெண்ணை எடுத்துக் காட்டி "பாருங்கள், உங்களால் உயர்ந்தது" என்றால் விவரம் தெரிந்த எவரும் நம்பமாட்டார். ஆண்டு முழுக்க வகுப்பில் நின்ற ஆசிரியருக்கும் அது மனவருத்தம். அதனால் முதலில் காட்ட வேண்டியது ஆசிரியர் வகுப்பில் செய்யும் ஏதாவது ஒன்று மாறியதை. பிள்ளையிடம் வந்த மாற்றம் அதன் பின்னால் வரட்டும். இரண்டும் சூடு ஆறுவதற்குள் அந்தத் தன்னார்வலர் காதில் விழ வேண்டும். மார்ச் மாத விழா மேடையில் சொல்வது காலம் கடந்தது.

இந்த வட்டாரத்துப் புது ஆசிரியரின் சுமை என்ன என்று தெரியாமல் உதவியின் பலனை அளக்க முடியாது. சுற்றறிக்கைகள் மலையாளத்தில் வருகின்றன. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைச் சேர்த்து நடத்தும் சனிக்கிழமை கிளஸ்டர் பயிற்சியும் பெரும்பாலும் மலையாளத்தில்தான். தமிழ்ப் பாடநூலை வைத்துக்கொண்டு டீச்சிங் மேனுவல், அதாவது பாடம் நடத்தும் திட்டக் குறிப்பு, எழுத வேண்டும். ஒரே பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு அவர் ஒருவர்தான் என்றால் சந்தேகம் கேட்கப் பக்கத்து வகுப்பில் ஆள் இல்லை. தினக்கூலி நியமனம் என்றால் அடுத்த ஜூனில் இங்கே இருப்போமா என்ற கவலை வேறு. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்து தர வேண்டும் என்று அரசமைப்பின் 350ஏ பிரிவு 1956-லேயே எழுதி வைத்தது. அந்த ஆண்டுதான் கேரள மாநிலமும் உருவானது. அந்த எழுத்துக்கு உயிர் கொடுப்பவர் இந்த ஒற்றை ஆசிரியர்தான். அவர் முதல் ஆண்டிலேயே சோர்ந்துபோனால் இழப்பு ஒரு வகுப்போடு நிற்காது.

இனி வேலைக்கு வருவோம். ஜூன் இரண்டாம் வாரத்தில், உதவி தொடங்கும் முன்பே, ஒவ்வொரு புது ஆசிரியரோடும் இருபது நிமிடம் உட்கார்ந்து நான்கே கேள்விகள் கேட்டு அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். போன வாரம் எத்தனை பிள்ளைகள் வாசிப்பதைத் தனித்தனியாகக் கேட்டீர்கள்? மேனுவல் எழுத எத்தனை இரவுகள் பத்து மணிக்கு மேல் விழித்தீர்கள்? இடைவேளை முடிந்து வகுப்பு அடங்கிப் பாடம் தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது? எந்தச் சுற்றறிக்கை புரியாமல் கிடப்பில் இருக்கிறது? எல்லாமே எண்ணக்கூடியவை, போன வாரத்தைப் பற்றியவை. இதே நான்கையும் ஓண விடுமுறைக்குப் பின்னும், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின்னும், பிப்ரவரியிலும் கேளுங்கள்.

"உங்கள் தன்னம்பிக்கைக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பல அமைப்புகள் இதில்தான் சறுக்குகின்றன. ஜூனில் நான்கு போட்டவர் செப்டம்பரில் மூன்று போடுவார். அவர் திறமை குறையவில்லை. தனக்கு என்னென்ன தெரியாது என்பது இப்போதுதான் அவருக்குத் தெரியவருகிறது. அது வளர்ச்சியின் அறிகுறி. ஆனால் அந்த எண்ணைச் சுவரில் ஒட்டினால் பார்க்கிற தன்னார்வலர் "நாம வந்ததுக்கு அப்புறம் இறங்கிருச்சே" என்றுதான் நினைப்பார்.

அடுத்தது நோட்டு. தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு உதவிக்கும் இரண்டே வரி: தேதி, ஆசிரியர் கேட்டது என்ன, செய்தது என்ன, எத்தனை நிமிடம். வலது பக்கத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். அது "பிறகு என்ன ஆயிற்று" என்பதற்கான இடம். ஒருங்கிணைப்பாளரின் முக்கியமான வேலை அந்த வலது பக்கத்தை நிரப்புவதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் பக்கத்துக்கு உரிய ஆசிரியரைக் கூப்பிட்டு, "அன்னைக்கு அந்த அக்கா சொன்னதைச் செஞ்சு பாத்தீங்களா?" என்று கேட்டு, பதிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பதிலை எழுதச் சொன்னால் வராது. நாள் முழுக்க எழுதிக் களைத்தவர்கள் அவர்கள். ஒரு நிமிட வாட்ஸ்ஆப் குரல்பதிவு போதும். வெறும் நன்றியாக இல்லாமல் செய்தி இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"டீச்சர், வணக்கம். போன செவ்வாய் நீங்க சொன்ன மாதிரி, கரும்பலகைல எழுதுறதுக்கு முன்னாடியே பிள்ளைங்களை மூணு குழுவாப் பிரிச்சு வேலை குடுத்துட்டேன். எழுத்துக் கூட்டுற குழு பக்கத்துல நான் உக்காந்துக்கிட்டேன். இந்த வாரம் அஞ்சு பிள்ளைங்க வாசிக்கறதைத் தனித்தனியாக் கேக்க முடிஞ்சுது. மூணாவது குழு மட்டும் சீக்கிரம் முடிச்சுட்டுச் சத்தம் போடுறாங்க. அதுக்கு என்ன பண்ணலாம்னு அடுத்த தடவை சொல்லுங்க டீச்சர்."

இதில் நான்கு சங்கதிகள் இருக்கின்றன. எந்த நாள் சொன்ன யோசனை, வகுப்பில் எதை மாற்றினார், எண்ணிச் சொல்லக்கூடிய பலன், இன்னும் தீராத சிக்கல். கடைசியில் வரும் அந்தக் கேள்விதான் தன்னார்வலரை அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏற வைக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று கேட்டவருக்கு மறுபடி வரக் காரணம் இல்லை. குரல்பதிவில் பிள்ளைகளின் பெயர் வரக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உரியவருக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் போட்டால் இருபது பேரும் கைகூப்பும் படம் போட்டு மூடிவிடுவார்கள். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையிலான பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வகுப்புக்கே வராத தன்னார்வலர்களை மறந்துவிடாதீர்கள். சீக்கிரம் விலகுவது அவர்கள்தான். வீட்டிலிருந்து எழுத்து அட்டை வெட்டித் தரும் தாய்மார்களுக்கு, ஓண விடுமுறையின்போது அந்த அட்டைகளையே திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஓரம் மழுங்கி, கைபட்டுக் கறுத்து, ஒட்டுநாடா போட்ட அட்டை எது, பாக்கெட் பிரிக்காமல் புத்தம் புதிதாக இருக்கும் அட்டை எது என்று அவர்களே பார்ப்பார்கள். எத்தனை அட்டை கொடுத்தோம் என்ற கணக்கைவிட இது ஆயிரம் மடங்கு உண்மை பேசும். பிரிக்காத அட்டைக்குக் காரணத்தை ஆசிரியரிடம் கேட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலும் காரணம் எளிமையாக இருக்கும். எழுத்து சிறிதாகி நான்காவது வரிசைக்குத் தெரிந்திருக்காது. ஒற்றைத் தாள் வளைந்திருக்கும். பாடநூலில் வராத சொல்லாக இருக்கும். அடுத்த முறை அட்டை நன்றாக வரும். அதுவே அவர்களுக்குப் பலன்.

மலையாளச் சுற்றறிக்கையைத் தமிழாக்கித் தருபவருக்குக் காட்ட வேண்டியது நாள் கணக்கு. சுற்றறிக்கை வந்த தேதி, தமிழில் ஆசிரியர் கையில் கிடைத்த தேதி, அதன்படி வேலை முடிந்த தேதி. நான்காம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வுக்குப் பெயர் கொடுப்பது போன்ற கெடு உள்ள வேலைகளில் இந்த மூன்று தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும். வேறு விளக்கம் வேண்டாம்.

கல்லூரி மாணவர்களுக்கு வேறு கணக்கு உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் காட்டியாக வேண்டும். அந்தச் சான்றைத் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். ஆனால் அதோடு விட்டால் மணி முடிந்ததும் வரமாட்டார்கள். அவர்களில் ஆசிரியர் பயிற்சிக்குப் போக நினைப்பவர்கள் இருப்பார்கள், குறிப்பாகச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படிப்பவர்கள். அவர்களுக்கு ஆசிரியர் ஒருவர் வகுப்பைத் திட்டமிடும் விதத்தைக் கூட இருந்து பார்ப்பதே பெரிய ஆதாயம்.

இப்போது பிள்ளைகளின் வாசிப்பு. இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். அளவு தவறினால் எல்லாம் தவறு.

2021-இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் ஒரு பிள்ளை நிமிடத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. தமிழில் சொற்களை எண்ணுவது ஏமாற்றும். 'பூ' ஒரு சொல், 'மரத்திலிருந்து' என்பதும் ஒரு சொல். முன்னதில் ஓர் எழுத்து, பின்னதில் எட்டு. ஆகவே சொல்லோடு எழுத்தையும் எண்ணுங்கள். ஏறத்தாழ 30 சொல், 140 எழுத்து கொண்ட மூன்று சிறு பத்திகளை முன்கூட்டியே தயாரியுங்கள். ஜூனுக்கு ஒன்று, செப்டம்பருக்கு ஒன்று, ஜனவரிக்கு ஒன்று. மூன்றிலும் கொ, கோ, கை போன்ற எழுத்துகளும் மெய் இரட்டிக்கும் சொற்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும். ஒரே பத்தியை மூன்று முறையும் கொடுத்தால் பிள்ளை மனப்பாடமாகச் சொல்லும். பின்னால் கொடுப்பது எளிதாக அமைந்துவிட்டால் இல்லாத வளர்ச்சி தெரியும்.

பிழையை எண்ணுவதோடு வகையையும் குறியுங்கள். துணைக்காலும் 'ர'வும் ஒரே வடிவமாகத் தெரிவதால் 'காகம்' என்பதைக் 'கரகம்' என்று வாசிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. கெ, கே குழப்பம் தனி. கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் 'கொ'வை எப்படிச் சேர்ப்பது என்று திணறுவது தனி. 'மழை'யை 'மளை' என்று சொன்னால் அது வீட்டுப் பேச்சு. அதை வாசிப்புப் பிழையாக எண்ணாமல் ஓரத்தில் குறித்தால் போதும். இந்த வகைப்பிரிவு தன்னார்வலருக்கு மிகவும் பயன்படும். "துணைக்கால் குழப்பம் ஜூனில் ஒன்பது பிள்ளைகளுக்கு இருந்தது, இப்போது மூன்று பேருக்குத்தான்" என்றால், துணைக்கால் அட்டை செய்தவர் தன் அட்டையை அந்த எண்ணில் பார்க்கிறார். "வாசிப்புத்திறன் மேம்பட்டது" என்றால் அதில் யாரும் தன்னைப் பார்க்க முடியாது.

வாசிக்க வைத்துக் குறிப்பவர் அந்த வகுப்புக்கு உதவிய தன்னார்வலராகவோ வகுப்பாசிரியராகவோ இருக்கக் கூடாது. மனம் தானாகவே அரை மதிப்பெண் கூட்டிப் போடும். இரண்டு பள்ளித் தன்னார்வலர்கள் ஒருவர் பள்ளிக்கு மற்றவர் போய்க் கேட்டால் போதும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். பதினாறு பேர் கொண்ட வகுப்பு ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

காட்டுவதற்கு விழுக்காடு வேண்டாம். பதினாறு பேரில் ஒரு பிள்ளை முன்னேறினாலே ஆறு விழுக்காடு ஏறிவிடும், ஒருவர் விடுப்பு எடுத்தால் இறங்கிவிடும். தலையை எண்ணுங்கள். ஒரு சார்ட்டில் கீழிருந்து மேலாக எழுத்து, சொல், பத்தி, கதை என நான்கு படி வரையுங்கள். ஊர்ப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வு 2005 முதல் பயன்படுத்தும் படிகள்தான் இவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிற்கும் படியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. ஜூனுக்குச் சிவப்பு, செப்டம்பருக்குப் பச்சை, ஜனவரிக்கு நீலம். பெயர் எழுத வேண்டாம். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்தப் படம் புரியும்.

நடுவில் வந்த பிள்ளை, போன பிள்ளை கணக்கைத் தனியாக வையுங்கள். கோவை, திருப்பூர் என்று வேலைக்கு இடம் மாறும் குடும்பங்கள் இங்கே உண்டு. மூணாறு, பீர்மேடு பக்கத்து எஸ்டேட் லயங்களில் இது இன்னும் அதிகம். ஜூனிலும் ஜனவரியிலும் இரண்டு முறையும் வாசித்த பிள்ளைகளை மட்டும் ஒப்பிட்டு, "இரண்டு பேர் போனார்கள், மூவர் புதிதாக வந்தார்கள்" என்று கீழே எழுதிவிடுங்கள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பள்ளிக்கு வருகிற பிள்ளை யாரும் உதவாவிட்டாலும் ஜூனைவிட ஜனவரியில் கொஞ்சம் நன்றாகத்தான் வாசிக்கும். மிகவும் பின்தங்கியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்தால், அன்று உடம்பு சரியில்லாமலோ பயந்தோ சரியாக வாசிக்காத பிள்ளைகளும் அதில் சேர்ந்துவிடும். அடுத்த முறை அவர்கள் தானாகவே மேலே வருவார்கள். எனவே முழு வகுப்பையும் அளக்க வேண்டும். ஒப்பிடவும் ஏதாவது ஒன்று வேண்டும். உங்கள் ஆள்பலத்துக்கு எல்லாப் பள்ளியிலும் ஒரே நாளில் தொடங்க முடியாது அல்லவா? அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். சில பள்ளிகளில் ஜூனிலும் மீதியில் ஓணத்துக்குப் பிறகும் தொடங்குங்கள். எது முந்தி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். செப்டம்பரில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது முடியாவிட்டால், வாசிப்புக்கு மட்டும் உதவிய வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கையும் சேர்த்து அளந்து பாருங்கள். கழித்தல் அதே இடத்தில் நிற்க, வாசிப்பு மட்டும் ஏறியிருந்தால் பேச ஏதோ இருக்கிறது. இரண்டும் ஒன்றாக ஏறியிருந்தால் "ஆண்டு ஓடியது, பிள்ளைகள் வளர்ந்தார்கள்" என்பதற்கு மேல் சொல்லாதீர்கள். இதைத் தன்னார்வலரிடம் திறந்து சொல்பவரை அவர்கள் மறுமுறை முழுதாக நம்புவார்கள்.

கூட்டம் பருவத்துக்கு ஒன்று போதும். கிளஸ்டர் இல்லாத சனிக்கிழமை, ஊர் வாசகசாலையில், ஒன்றேகால் மணி நேரம். பொட்டுச் சார்ட்டுக்குப் பத்து நிமிடம். பிறகு மூன்று புது ஆசிரியர்கள், தலைக்கு ஏழு நிமிடம். இரண்டு மாதத்துக்கு முன் எப்படிச் செய்தேன், இப்போது எப்படிச் செய்கிறேன் என்று அதே அட்டை, அதே பாடப் பக்கத்தை வைத்துச் செய்து காட்ட வேண்டும். பேச்சு வேண்டாம். தன்னார்வலர்கள் கேள்வி கேட்க இருபது நிமிடம். சரிவராத உதவி எது என்று பேசக் கால் மணி நேரம். இந்தக் கடைசிப் பகுதியை நேரமில்லை என்று வெட்டிவிடுவார்கள், வெட்ட விடாதீர்கள். மீதி டீக்கு. அரசியல்வாதியைக் கூப்பிட்டால் அவர் வரும் வரை காத்திருந்தே கூட்டம் முடியும்.

எல்லாவற்றையும் கெடுக்கும் ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தன்னார்வலர் எழுதும் குறிப்பு தலைமையாசிரியர் மேசைக்கோ ஏ.ஈ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்துக்கோ போகிறது என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், தினக்கூலியில் இருக்கும் ஆசிரியர் அதன்பின் உண்மை பேசமாட்டார். "எல்லாம் நல்லாப் போகுதுங்க" என்பார். உங்கள் நான்கு கேள்விகளுக்கும் அழகான பொய் கிடைக்கும். ஆகவே வகுப்புக் குறிப்பு எழுதிய அன்றே ஆசிரியர் கையில் கொடுக்கப்பட வேண்டும். நகல் எடுக்கக் கூடாது. தன்னார்வலர் நோட்டில் உதவி மட்டும் இருக்கலாம், ஆசிரியரைப் பற்றிய தீர்ப்பு இருக்கக் கூடாது. கூட்டத்தில் எதைச் சொல்வது என்பதை ஆசிரியரே முடிவு செய்யட்டும். முதல் நாளே தலைமையாசிரியர் முன்னிலையில் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

படங்களிலும் அதே எச்சரிக்கை. முன்பு அழுத பிள்ளை, இப்போது சிரிக்கும் பிள்ளை என்று படம் போடுவது பிள்ளைக்கு அவமானம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. கரும்பலகையையும் அட்டையையும் நோட்டுப் பக்கத்தையும் படம் எடுங்கள், முகம் வேண்டாம்.

நவம்பரில் பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழி நியமன ஆணை வந்து நீங்கள் கைகொடுத்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போய்விடலாம். "இவ்வளவும் வீணா?" என்று தன்னார்வலர் உடைந்துபோவார். மறைக்காமல் உடனே சொல்லுங்கள். போகிற ஆசிரியரிடம் இரண்டு காரியம் கேட்டு வாங்குங்கள். வகுப்பு இப்போது எந்தப் படியில் நிற்கிறது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அடுத்து வருபவருக்கு ஒரு பக்கக் குறிப்பு ஒன்று. புதுப் பள்ளிக்குப் போய் ஒரு மாதம் கழித்துப் பழைய தன்னார்வலருக்கு ஒரு குரல்பதிவு இன்னொன்று. இங்கே கற்றதில் எதை அங்கேயும் செய்கிறார் என்பது மட்டும் அதில் இருந்தால் போதும்.

இப்போது ஓணம் முடிந்த நிலையில் ஜூன் அளவு உங்களிடம் இல்லையென்றால் அதற்காக நிறுத்திவைக்க வேண்டாம். இந்த வாரமே நான்கு கேள்விகளைக் கேட்டு, ஒரு பத்தி வாசிக்க வைத்து, அதையே தொடக்கமாக வையுங்கள். அதற்கு முன்னால், நின்றுபோன தன்னார்வலர்கள் ஒவ்வொருவரையும் பற்றி அவர் உதவிய ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அவர் சொல்லிக் கொடுத்ததுல இன்னைக்கும் நீங்க வகுப்புல செய்யறது என்ன?" வரும் பதிலை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல், அந்தத் தன்னார்வலரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.